ஹேஸ்கல் வீட்டு நீல ரிப்பன்

"ஓவனை யார் அணைச்சது?"

எல்வுட் ஹேஸ்கல் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

"நான்தான். சும்மா எரியுதேன்னு அணைச்சேன்" என்றாள் அவர் மனைவி லியோனா.

"சும்மாவா? சூடேறட்டும்னு வச்சிருக்கேன்! மத்தியானம் கவுண்டி விழாவுல மஃபின் போட்டி. ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. நம்ம வீட்டு ஆள் போகலேன்னா விழா ஒண்ணும் நின்னுடாது. மேய்ச்சல் வேலி சாஞ்சு கிடக்கு, அதைப் போய் நிமித்து."

வேலியா முக்கியம்? மெய்ன் மாநிலத்தின் அந்த மூலையில், மஃபினுக்கு முதல் பரிசான நீல ரிப்பன் ஹேஸ்கல் வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதே இல்லை. முதலில் எல்வுட்டின் அம்மா, பிறகு லியோனா. இந்த வருஷம் அவள் திடீரென்று, 'நான் கலந்துக்கலை' என்றுவிட்டாள். காரணம் கேட்டால் தோளைக் குலுக்கினாள். பக்கத்துப் பண்ணை வெர்னாவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேறு வழியின்றி, அதுவரை முட்டைகூட உடைத்திராத எல்வுட், இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

காலையில் பறித்த புளூபெர்ரிகளை மாவில் புரட்டிக் கலவையில் போட்டார்.

"மேல தூவணும். பழுப்புச் சர்க்கரை எங்க?"

"தெரியாது."

தேடித் தேடிக் கடைசியில் அழுக்குத் துணிக் கூடைக்குள் கிடைத்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும்."

சர்க்கரையையும் மாவையும் குளிர்ந்த வெண்ணெயையும் விரல் நுனியால் பிசறினார். உதிரி உதிரியாக வந்தது. எல்வுட் துள்ளினார்.

"பாரு, பாரு! அப்படியே எங்கம்மா கை! சர்க்கரை போதுமா, சொல்லு."

"என்கிட்ட ஒண்ணும் கேக்காத."

"பொறாமை! வேறென்ன?"

"அப்படியே வச்சுக்க. ஒண்ணு பண்ணு எல்வுட். மஃபின் வேணாம். நிலவறையில ஊறுகாய் ஜாடி இருக்கு, ஊறுகாய்ப் போட்டியில சேந்துக்க."

"ஊறுகாயா? ஹேஸ்கல் குடும்பம் ஊறுகாய்க்கு இறங்கணுமா? நான் உசிரோட இருக்கிறவரை அந்த ரிப்பன் வெர்னா வீட்டுச் சுவத்துல தொங்காது!"

ஓவன் கண்ணாடி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மஃபின்கள் தொப்பி வைத்தாற்போல் எழும்பின. மேல் தூவல் பொன்னிறமாகி, இடுக்குகளில் ஊதாச் சாறு கொப்பளித்தது. வீடே மணத்தது.

"எழும்பிடுச்சு லியோனா! எல்லாமே எழும்பிடுச்சு!"

லியோனா எட்டிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை இருக்கு. முன்னாடி போறேன்."

விழாக் கூடத்தில், பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய காகிதத் தட்டுகள் நீள மேசையில் வரிசையாக இருந்தன. எல்வுட் தன் தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றார். வெர்னா பக்கத்தில் வந்தாள்.

"என்ன எல்வுட், தோத்துடுவோம்னு பொண்டாட்டி ஒதுங்கிட்டாளா?"

"உனக்கு நானே போதும். இந்தத் தடவை நடுவர் யாராம்?"

"யாருக்குத் தெரியும்? மேசை முன்னால வந்து நிக்கிறவரை, வீட்டு ஆளுங்ககிட்டகூட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுறாங்களே."

ஒலிபெருக்கி கரகரத்தது. திரை விலகியது. வெள்ளை ஏப்ரனும் கையில் கத்தியுமாக வந்து நின்றாள் லியோனா.

நேராக எல்வுட்டின் தட்டுக்கு வந்தாள். "இது எங்க வீட்டு ஓவன்ல வெந்தது. நான் தீர்ப்பு சொல்ற போட்டியில இது இருக்கக்கூடாது" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி, தட்டைத் தனியே நகர்த்தினாள். எந்த நடுவரும் ஒரு விள்ளலுக்கு மேல் வாயில் போடாத அந்த மேசையில், நகர்த்திய தட்டிலிருந்து ஒரு மஃபினை எடுத்து, தூள்கூட மிச்சமில்லாமல் முழுசாகத் தின்று முடித்த பிறகே, லியோனா அடுத்த தட்டில் கத்தியை வைத்தாள்.