சாவி கைக்கு வரட்டும்

“சூப்பரா இருக்கு மேடம்!”

கொடுக்க வந்தவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்பது, கடலூரை ஒட்டிய அந்த மீனவர் குப்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடித்த விதி. சுனாமிக்கு மறு ஆண்டு, பக்கத்து ஊரில் யாரோ ஜன்னல் சிறியது என்று சொல்லப்போக, வீடு கட்ட வந்தவர்கள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த கட்டடக் கலைஞர் தீபிகா, சமுதாயக் கூடத்தின் சுவரில் லேப்டாப் படத்தை விழச் செய்திருந்தாள். இன்று எல்லோரும் கையெழுத்திட்டால் வெள்ளிக்கிழமை அஸ்திவாரம். படத்தில் இருப்பதுதான் நாற்பது குடும்பங்களுக்கும் வீடு.

அவள் மவுஸை அசைக்க, சுவரில் வீடு சுழன்றது. “சூளையில சுடாத மண்கல். சிமென்ட் கம்மி. கடல் காத்து இந்த ஜன்னல்ல நுழைஞ்சு அந்த ஜன்னல்ல போகும்.”

“காத்து ஜாஸ்தி வரும்!” என்றார் ஊர்த் தலைவர் பஞ்சநாதன்.

கூரையைப் பானை மூடிபோலத் தூக்கிவிட்டு, மேலிருந்தே உள்ளே இறங்கிக் காட்டினாள். “இங்க சமையல். இங்க வலை வைக்கலாம். நல்லாப் பாருங்க. ஏதாவது மாத்தணுமா?”

“ஒண்ணும் வாணாம் மேடம். அரண்மன!”

தீபிகாவின் முகம் வாடியது. “ஒரு குறைகூடவா இல்ல?”

“கண்ணு பட்டுடும், அவ்ளோ அழகு!”

இரண்டு மழைக்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழித்துவிட்ட மீன்காரி லோகநாயகி நெளிந்தாள். “மாமா, கேட்டுடட்டா?”

“வாய மூடு!” பஞ்சநாதன் பல்லைக் கடித்தார். “அந்தப் பொண்ணு கோச்சிக்கினு சிதம்பரம் பஸ் ஏறிட்டா, நீ போய்க் கூட்டியாருவியா? எதுவா இருந்தாலும் சாவி கைக்கு வரட்டும். அப்பால நாமளே இடிச்சு மாத்திக்கலாம்.”

கையெழுத்துத் தாள் லோகநாயகியிடம் வந்தது. பேனாவைத் திறந்தாள். மூடினாள். எழுந்து நின்றாள்.

“எந்தச் சாவி மாமா? வூட்டுக்கு வாசலே இல்லியே, சாவிய எங்க போடறது?”

பஞ்சநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். தீபிகா எழுந்து வந்து, தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

“அப்பாடா! போன வாரம் காட்டின படத்துல அடுப்பைக் கொண்டுபோய்க் குளியலறையில வச்சேன், அப்பவும் சூப்பர்னீங்க. அதான் இன்னிக்கு வாசலையே அழிச்சேன்” என்று சிரித்தவள், மவுஸை லோகநாயகியிடம் நீட்டினாள். “இப்ப சொல்லுங்கக்கா, வாசல் எந்தப் பக்கம் வேணும்?”