ஆளில்லாத கம்ப்யூட்டர்

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுதுங்க சார். எனக்கு மட்டும் டிசைன் ஃபோல்டரையே காணோமுங்க" என்றாள் கோகிலவாணி.

குமாரபாளையத்தில் லுங்கி, துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. அவள் அங்கே டிசைனர். பிரசவ லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தேன். காலி. கேபிளை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். அப்போதும் காலி.

"நானு எதையாச்சும் தெரியாம அமுக்கிட்டனுங்களா சார்?"

"இல்லம்மா, சர்வர்லதான் ஏதோ கோளாறு."

ஃபைல்கள் எல்லாம் எல்லாருக்கும் பொதுவான ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. என் லேப்டாப் வழியாக அதற்குள் போனேன். அதில் யார் எதை மாற்றினாலும் காரணம், தேதி, பேர் மூன்றையும் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். நான் போட்ட சட்டம் அது.

கடைசியில் அகப்பட்டது. அவளுடைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் நம்பரை மட்டும் யாரோ ஒரு வரி எழுதித் தடுத்து வைத்திருந்தார்கள்.

"எந்த முட்டாள் பண்ண வேலை இது?" வாய்விட்டே திட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அக்மல், இன்னும் சரியாகலீங்களா?" என்னைக் கேட்டவர், என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பக்கம் திரும்பினார். "சரியானதும் நாங்களே கூப்புடறோம். அதுவரைக்கும் ஊட்டுலயே இருந்து கொழந்தயப் பாத்துக்க சாமி."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பையை எடுத்தாள்.

நான் அந்த வரியின் பக்கத்தில் இருந்ததைப் படித்தேன்.

'ஆளில்லாத கம்ப்யூட்டராம், முதலாளி போனில் நம்பர் சொல்லித் தடுக்கச் சொன்னார்.' தேதி, போன வெள்ளிக்கிழமை. பேர், அக்மல்.