நாடியை நடிக்க முடியுமா?

“அய்யோ... அம்மா... உயிர் போகுதே!”

கட்டிலில் புரண்டவரின் அலறலில் தேர்வு அறையே அதிர்ந்தது. மருத்துவக் கல்லூரியின் கடைசி ஆண்டுத் தேர்வு. நோயாளியாக நடிக்க ஆள் வைத்து, மாணவர்கள் நோயைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

“சாதாரண வயித்தெரிச்சலுக்கு இவ்வளவு நடிப்பு வேணாம்யா,” என்றார் பேராசிரியர், மதிப்பெண் தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

முதல் மாணவி வந்தாள். வகுப்பில் அவளுக்கு ‘மியூட்’ என்று பட்டப்பெயர். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அவ்வளவு சத்தமாகப் பேசுவாள்!

“எப்பங்க வலி ஆரம்பிச்சுது?”

“இப்பத்தாம்மா... ஏணியில நின்னுக்கிட்டிருந்தேன், சுரீர்னு புடிச்சுது!”

‘எழுதிக் கொடுத்ததைப் படிக்கவே இல்லை, இந்த ஆள்’ என்று பேராசிரியர் பல்லைக் கடித்தார்.

அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து, “மெத்துனு இருக்கு” என்றாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் மாறியது.

“சார், இவர் குடலுக்கு ரத்தம் போகல. உடனே ஸ்கேன் எடுக்கணும்.”

“வயிறு மெத்துனு இருக்கும்மா, வலி மட்டும் வானத்துக்கு எகிறுது. நடிப்புன்னு தெரியலையா? உனக்கு முட்டைதான்!” என்று தாளில் பூஜ்யம் போட்டார்.

“அதுதான் சார் அடையாளமே! வலியை நடிக்கலாம், நாடியை நடிக்க முடியுமா? தாறுமாறா துள்ளுது, தொட்டுப் பாருங்க!”

தொட்டுப் பார்த்தார். மதிப்பெண் தாள் கையிலிருந்து நழுவியது.

அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் பறந்தது. முன்னால் ‘மியூட்’, “வழி விடுங்க, வழி விடுங்க!” பின்னால், ஒற்றைச் செருப்போடு பேராசிரியர்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. தாளம் தப்பித் துடித்த இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி, குடலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை அடைத்திருந்தது. நேரே ஆபரேஷன் தியேட்டர்.

இரண்டு மணி நேரம் கழித்து அறுவை நிபுணர் முகக்கவசத்தை இறக்கினார்.

“கட்டியை எடுத்தாச்சு. குடல் மறுபடி ரோஸ் கலர் ஆயிடுச்சு, ஒரு அங்குலம்கூட வெட்டல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அழுகிப் போயிருக்கும்.”

பேராசிரியருக்குக் குதிக்கலாம் போலிருந்தது. குதித்தே விட்டார்.

செருப்பையும் தாளையும் எடுக்கத் தேர்வு அறைக்கு ஓடினார். முட்டைக்கு முன்னால் ‘10’ போட்டு நூறாக்கிவிட்டு, அந்த அறையை அன்றைக்கு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். மேலே பாதி கழற்றிய மின்விசிறி. கீழே ஏணி. கட்டிலில் வேறொருவர், வயிற்றைப் பிடித்தபடி நாசூக்காக முனகிக்கொண்டிருந்தார்.

“யாருய்யா நீ?”

“சாரி சார், பஸ் லேட்டு. நடிக்க வந்த ஆள் நான்தான்!”