இலக்கம் ஒன்றை அழுத்துங்கள்

"அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் என்ட கையில கிடைக்கட்டும். களப்புக்குள்ள தள்ளிப்போட்டுத்தான் மறுவேல பாப்பன்" என்றார் டொக்டர் றைஸா.

ஆஸ்பத்திரி வேன் களப்புத் தண்ணீரை ஒட்டிய கற்பிட்டி வீதியில் புத்தளம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஜெமீலா, மடியில் கிடந்த கொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஒப்பரேட்டர் அவள்தான். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது; நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"முதல்ல காணிக்காரர மடக்குவம் டொக்டர்" என்றாள் மெதுவாக.

ஒரு மாதமாக இதே தொல்லைதான். ஃபோனை எடுத்தால் தேன் தடவிய ஒரு பெண் குரல். 'வணக்கம். ஆலங்குடாக் கடற்கரையில் உங்களுக்கென ஒரு காணித்துண்டு காத்திருக்கிறது. மேலும் அறிய இலக்கம் ஒன்றை அழுத்துங்கள்.' வைத்துவிட்டால் அடுத்த லைனில் அதே குரல். ஏதோவொரு மெஷின் வரிசையாக எண்களைச் சுழற்றுகிறது. ஆஸ்பத்திரியின் ஆறு லைன்களும் சில வேளை அரை மணி நேரம் அடைத்துக் கிடக்கும்.

அப்படி அடைத்துக் கிடந்த ஒரு காலையில்தான், கடலட்டைக்குச் சுழியோடப் போன அன்ரனிப்பிள்ளை ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக்குமிழி அடைத்து, கைகால் விழுந்து படகில் கிடந்தார். அவருடைய மனைவி கத்தரினா இருபத்து மூன்று தடவை அழைத்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் லொறியில் ஏற்றி வந்தபோது ஒட்சிசனும் தயாராக இல்லை, ஆளும் தயாராக இல்லை. மூன்று கிழமை போராடி, நேற்றுத்தான் அவருடைய கால் பெருவிரலை அசைய வைத்திருந்தார் றைஸா.

லொறி வந்த நாளுக்குப் பிறகு அவர் விடுவாரா? கொழும்பிலுள்ள தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுக்கு எழுதி, அதன் விசாரணை அதிகாரி டிலக்‌ஷனைப் புத்தளத்துக்கே வரவழைத்துவிட்டார்.

காணிக் கம்பனியின் குளிரூட்டிய அறையில் முதலாளி றொபி எல்லோரையும் கதிரை போட்டு இருத்தினார். இஞ்சித் தேத்தண்ணியும் வந்தது.

"காணி என்டதான் டொக்டர், அத நான் மறுக்கயில்ல" என்றார் சிரித்தபடி. "ஆனா அந்தக் கோல் என்டதில்ல. எவனோ ஒரு தரகர் கொமிசனுக்கு ஆசப்பட்டுச் செய்றான். கோல் வந்த நம்பர்ல ஒண்டாவது என்ட பேரில இருக்கா, கேளுங்க."

டிலக்‌ஷன் ஜெமீலாவின் கொப்பியைப் புரட்டினார். நாள், நேரம், எண் என்று நானூற்றுச் சொச்சம் அழைப்புகள். பிறகு றைஸாவைப் பார்த்தார்.

"நம்பரெல்லாம் போலி, டொக்டர். அந்த விளம்பரத்த இவர்தான் ரெக்கோட் செய்விச்சார் எண்டதுக்கு ஏதாவது ஒரு ஆதாரம் வேணும். அது இல்லாம நான் மேல போக ஏலாது."

"எங்க போய் ஆதாரம் எடுக்கிற?" றொபி தேத்தண்ணிக் கோப்பையை உறிஞ்சினார். "அது மனிசக் குரலே இல்ல. கொம்பியூட்டர் கதைக்கிற. கொம்பியூட்டர் வந்து சாட்சி சொல்லுமா?"

றைஸா தன் கோப்பையைத் தொடவில்லை. "மிஸ்டர் றொபி, ஒருத்தர் நடக்க மாட்டார் எண்டு எல்லாரும் கைவிட்ட பிறகு, நான் அவர நடக்க வைக்கப்போறன். உங்கள மறிக்கிறது அத விட லேசு. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு."

அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஜெமீலா தன் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தாள். திரையில் ஓரிடத்தில் அழுத்தினாள்.

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு ஒன்று ஒலித்தது.

"தங்கச்சி, றொபி கதைக்கிறன். ஆலங்குடாக் காணி விளம்பரம் கிடைச்சது. வாசிப்பு நல்ல வடிவு. 'இலக்கம் ஒன்றை' எண்ட இடத்தில மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரிச் சொல்லித் திருப்பி அனுப்புங்க. பயப்பட வேணாம், எங்கட ஒபிசுக்குக் கோல் எடுக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் இதப் போடுவம்."

றொபியின் கோப்பை பாதி வழியில் நின்றது. டிலக்‌ஷன் பேனாவைத் திறந்தார்.

"உங்கட குரல்தானே மிஸ்டர் றொபி?"

நெற்றி வியர்ப்பதை மறைக்க றொபி ஏசி ரிமோட்டைத் தேடினார்.

றைஸாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஜெமீலாவின் தோளில் தட்டினார். "கெட்டிக்காரி. அந்தப் பொம்புளையக் கண்டுபிடிச்சிட்டியா? கோர்ட்டுக்கு வந்து சொல்லுவாளா அவள்?"

"சொல்லுவா டொக்டர். வேல போயிடும் எண்டு பயந்துதான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தவ. அன்ரனிப்பிள்ளை அண்ணர வார்ட்டில போய்ப் பாத்த பிறகு அந்தப் பயம் விட்டுட்டுது."

"சரி, ஆர் அவள்? எங்க இருக்கிறாள்?"

ஜெமீலா தலையை நிமிர்த்தி டொக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பக்கத்தில, டொக்டர். அந்த மெசேஜ் போன வருசம், ஆஸ்பத்திரி வேல கிடைக்க முந்தி, எனக்குத்தான் வந்தது."