முன் வரிசை

குடியுரிமை மண்டபத்து வாசலில் றோஸ்மேரி மறுபடியும் ஃபைலைத் திறந்தாள்.

"பிறப்புச் சான்றிதழ், வந்திறங்கின பேப்பர், பரீட்சை முடிவு... எல்லாம் கிடக்கு."

"இரண்டு பேப்பர் போதும் என்றுதானே சொன்னார்கள்?" பிரெஞ்சில் கேட்டாள் பக்கத்தில் நின்ற மிரியம். கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் தொங்கும் யூதப் பெண்.

"ஊரிலை ஆமிச் செக்பொயின்ரிலை நிண்டு வளந்தவள் நான். எந்தப் பேப்பரை எப்ப கேப்பாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எத்தனை தடவைதான் ஃபைலைப் பார்ப்பீர்கள்?"

"சத்தியம் செய்யேக்கை பிரெஞ்சு தடக்குப்பட்டால்?"

"படாது. ஒரு வாரமாகப் பாடமாக்கினோமே!"

வாசலில் நின்ற அதிகாரி றோஸ்மேரியின் பட்டுச்சேலையையும் தடித்த ஃபைலையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாழ்த்துகள், மேடம்! நீங்கள் முன் வரிசை." குட்டிக் கொடியொன்றைக் கையில் கொடுத்தார். மிரியத்தின் பக்கம் திரும்பி, "விருந்தினர்கள் பின்னால்" என்றார்.

றோஸ்மேரி ஃபைலைப் பட்டென்று மூடினாள். கொடியையும் ஃபைலையும் மிரியத்தின் கையில் திணித்தாள். பிறகு அதிகாரியிடம் தடக்காத பிரெஞ்சில் சொன்னாள்:

"நான் கனடாக்காரியாகி முப்பது வருடம் ஆகிறது. ஆர்ஜென்டினாவிலிருந்து வந்தவள் இவள்தான், என் மருமகள். பின் வரிசை எந்தப் பக்கம்?"

அதிகாரியின் முகம் கொடியைவிடச் சிவந்தது.

முன்னே போன மிரியம், ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாள்:

"மாமி, எங்கடை கலியாணத்துக்கு யூதக் குரு ரபி குடுத்த பேப்பரும் இதுக்கை கிடக்கே!"

"ஓம் பிள்ளை. சேர்ச்சிலை பாதர் குடுத்ததும் கிடக்கு. ஆர் கேட்டாலும் நீட்டு."