மூன்று அழைப்புகள்

நானூறு கணினிகள் ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்யும் ஆய்வுக்கூடம் அது. மூன்று முறை கூப்பிட்டும் பதில் தராத கணினி செத்ததாகக் கொள்ளப்படும். அதன் வேலை மற்றவற்றுக்குப் போய்விடும்; பிறகு உயிரோடு திரும்பினாலும் சேர்க்கக் கூடாது. இந்த விதியை எழுதியவள் ஆய்வு மாணவி தமயந்தி. ஈவிரக்கமில்லாத விதி என்று பேராசிரியர் பாராட்டியிருந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து பதினெட்டாம் நாள் அவள் வந்தபோது அவளுடைய நாற்காலியில் வேறொருவன் இருந்தான். அவளும் சேர்ந்து எழுதிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

“மயக்கத்துல இருந்தேன் சார்.”

“மூணு தடவ போன் பண்ணோமேம்மா,” என்றார் பேராசிரியர்.

திரையில், பழுது நீங்கிய ஒரு கணினி ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று அனுப்பிக்கொண்டே இருந்தது.

“போறப்ப அதத் துண்டிச்சிட்டுப் போம்மா.”

அவர் சொல்லி முடிப்பதற்குள், பழக்கத்தில், அவள் விரல் பொத்தானை அழுத்தியிருந்தது.