பலகையில் எழுதியிருந்த வருடம்

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

அவள் டி.வி. திரையைப் பார்த்தாள்.

மூங்கில் கொட்டகை ஒன்றின் முன்னால் பன்னிரண்டு ஆண்கள். எல்லாரும் எலும்பும் தோலும். இடுப்பில் கோவணம் மட்டும். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஒவ்வொருவரின் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைசி ஆள் வலது பாதத்தை இடது முழங்காலில் பதித்துக் கொக்கு மாதிரி நின்றிருந்தான். டாக்டர் அவன் முகத்தை ஒருபுறமாகத் திருப்பினார்.

இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

பொன்னுரங்கம்.

சிறுவயதில் யாரோ கடுக்கனைப் பிடித்து இழுத்ததில் கிழிந்த காது. கல்யாணமான புதிதில் அந்தப் பிளவை அவள் இரண்டு விரலால் ஒட்டிவைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மலேசியாவில், சுங்கைப்பட்டாணி வீட்டின் கூடம். பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் எல்லப்பன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக அவளுடைய புருஷன்.

சரித்திரச் சண்டைப் படம் என்றால் அவர் விடமாட்டார். ரோமாபுரியோ ஜெர்மனியோ, ராஜாக்களும் தளபதிகளும் வந்தால் போதும். அவளுக்குப் படத்தின் பாஷை புரியாது. இத்தனை கப்பல், இத்தனை லட்சம் சாவு என்று அவர்தான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்றைய படம் சண்டை நடந்தபோதே எடுத்தது. அதற்கும் சொன்னார். வெள்ளைக் குதிரையில் போன சப்பான் சக்கரவர்த்தியைச் சொன்னார். சிங்கப்பூரில் விழுந்த குண்டைச் சொன்னார்.

சயாம் ரயில் பாதை வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பன்னிரண்டு பேரைக் காட்டுவதற்கு முன்னால், ஒரு சிப்பாய் சின்னக் கரும்பலகையைத் தூக்கிப் பிடித்தான். எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலமெல்லாம் கணக்குப்பிள்ளையான கிராணி எடை எழுதுவதை எட்டிப் பார்த்துப் பார்த்துப் படிந்துபோன எண்கள்.

1945.

"இது எந்த வருசங்க?"

"நாப்பத்தி மூணு" என்றார் எல்லப்பன். திரையைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் நெத்திலித் தட்டைக் கீழே வைத்தாள்.

சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களைச் சப்பான்காரன் லாரியில் ஏற்றியபோது பொன்னுரங்கமும் எல்லப்பனும் ஒன்றாகத்தான் போனார்கள். நாற்பத்து மூன்றின் கடைசியில், காடு காடாக ஒளிந்து எல்லப்பன் மட்டும் திரும்பி வந்தார். அவள் வாசலில் நின்று சொன்னார்.

வாந்திபேதி. என் கையாலதான் பொதச்சேன்.

அவள் பொட்டை அழித்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. தின்ன மரவள்ளிக் கிழங்கு, அதுவும் இல்லாத நாள் உண்டு. மறு வருடம் கட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டபோது சரி என்று தலையாட்டினாள்.

சண்டை முடிந்ததும் எல்லப்பன் வேறு தோட்டத்துக்குக் குடியை மாற்றினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மூத்தவனை அவர் தன் பிள்ளையாகத்தான் வளர்த்தார். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆடி அமாவாசைக்குப் பொன்னுரங்கத்துக்குப் படையல் போடுவதும் அவர்தான். இலையை நறுக்கி, விளக்கேற்றி, மூத்தவனைக் கூப்பிட்டு விழுந்து கும்பிடச் சொல்வார். தங்கமான மனுசன் என்று தோட்டமே சொல்லும்.

அவள் கணக்குப் போட்டாள்.

முதல் இரண்டு படையலும் உயிரோடிருந்தவனுக்கு.

திரையில் பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள். இப்போது ஒரு கப்பல். மேசையைச் சுற்றிப் பதக்கம் குத்திய மனிதர்கள். ஒருவர் பேனாவைத் திறந்தார்.

"உசுரோட இருந்திருக்காரு" என்றாள்.

எல்லப்பன் முழங்காலைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"காலராக் கொட்டாயில தூக்கிப் போட்டுட்டானுங்க. அதுக்குள்ள போனவன் ஒருத்தனும் வெளிய வந்ததில்ல. எப்பிடியும் செத்துருவாருன்னுதான்..."

"பொதச்சேன்னு சொன்னீங்க."

கொட்டகைக்குள் கிடந்தவனை விட்டுவிட்டு ஓடி வந்ததைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. சாவு துரத்தினால் யாரும் ஓடுவார்கள். ஆனால் எழுந்து நின்றுவிட்டானே. டாக்டர் முன்னால் ஒற்றைக் காலில் நின்றானே. நிற்க முடிந்தவன் நடந்திருப்பான்.

"நம்மளத் தேடி வந்தாரா?"

நாற்காலியில் அவர் சிறுத்துப்போனார்.

"ஒரு தடவ."

"எப்ப?"

"சின்னவ பொறந்தப்ப. நீ ஆஸ்பத்திரியில கெடந்த. புதுத் தோட்டத்த விசாரிச்சு விசாரிச்சு வந்துட்டாரு. பய குழாயடியில வெளையாடிக்கிட்டு இருந்தான். தள்ளி நின்னே பாத்தாரு. நான் விசயத்தச் சொன்னேன். நான் வந்தத அவகிட்டச் சொல்லாதன்னுட்டுத் திரும்பிட்டாரு."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"கேக்கல."

படம் முடிந்திருந்தது. பெயர்கள் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. பின்னால் ஊதுகுழல் இசை.

அவள் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவ்வளவு தூரம் வந்த மனுசனுக்கு," என்றாள், "குடிக்கத் தண்ணியாச்சும் குடுத்தீங்களா?"

எல்லப்பன் தரையைப் பார்த்தார்.

அவள் நகரவில்லை.